அண்ணன் பெயரில் வந்த கட்டுரை

1

இந்த ஊரில் ஒரு வழக்கம். பிறந்த நாளோ, வேலையில் சேர்ந்த ஆண்டு நிறைவோ, யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் மறந்தார் என்பதை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். போன மாதம் நான் நெதர்லாந்துக்கு வந்து பதினைந்து வருடம் நிறைந்தது. ஆப்பிள் கேக் ஒன்றை சைக்கிள் கூடையில் வைத்து, மழையில் நனையாமல் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். வாழ்த்தினார்கள். கை கொடுத்தார்கள். பதினைந்து வருடம் எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார். "நன்றாக இருந்தது" என்றேன். இந்த மொழியில் எனக்குத் தவறில்லாமல் வரும் வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இருப்பது ஒரு மனநல மருத்துவ ஆய்விதழின் அலுவலகம். பல நாடுகளில் இருந்து டாக்டர்கள் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். நான் டாக்டர் இல்லை. வந்த கட்டுரையில் நோயாளியிடம் சம்மதம் வாங்கியிருக்கிறார்களா, எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்குப் படிக்க அனுப்புவேன். அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதை எழுதியவருக்குத் தெரிவிப்பதும் நான்தான். பெரும்பாலும் "வருந்துகிறோம்" என்றுதான் தெரிவிக்க வேண்டியிருக்கும். வருத்தம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

வந்த புதிதில் இந்த மொழி எனக்கு ஒரு பாடம் நடத்தியது. முதல் குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "என் வீடு சூடாக இல்லை" என்று சொல்ல நினைத்தேன். சூடாக்கப்பட்டது என்பதற்கு இவர்கள் வார்த்தை 'வெர்வார்ம்ட்'. நடுவில் இருந்த ம் என் வாயில் விழுந்துவிட்டது. 'வெர்வார்ட்' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் புத்தி கலங்கியது என்று அர்த்தம். தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு திரிபவர்களைப் போலீஸ்காரர்கள் இங்கே அந்த வார்த்தையால்தான் குறிப்பிடுவார்கள். என் வீட்டுக்குப் புத்தி கலங்கவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்காரர் பொறுமையாக, "நல்லது, அம்மா" என்றார். ஹீட்டர் சரியாக இன்னும் சில நாள் ஆனது.

இந்தக் கதையை அலுவலகத்தில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த வார்த்தை எனக்கு முன்பே பழக்கமானது என்பதை மட்டும் பல வருடம் சொல்லாமல் இருந்தேன். தமிழில் அது எங்கள் வீட்டில் இருந்தது.

2

எங்கள் ஊர் மரக்காணத்துக்குக் கொஞ்சம் உள்ளே. வீட்டில் பாதி வருடம் விவசாயக் கூலி, பாதி வருடம் உப்பள வேலை. அப்பா, அண்ணன், இரண்டு பேருமே உப்பு வாரப் போனவர்கள். அண்ணன் பெயர் ஏழுமலை. நான் தனலட்சுமி. வீட்டில் பாப்பா.

படித்து முடித்ததும் எனக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழை திருத்தி, அச்சுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. அப்படிப்பட்ட வேலை பாண்டியில் நடக்கிறது என்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. காலையில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் உப்பளம், பிறகு கூனிமேடு, பிறகு பொம்மையார்பாளையம், பிறகு கம்பெனி ஏசி. என்னை மனநல மருத்துவப் பிரிவில் போட்டார்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, மருந்தின் பெயரில் எழுத்துப் பிழை, மேற்கோள் எண் வரிசை. இதைப் பார்ப்பதுதான் வேலை. மனிதனுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரே விஷயத்தைத் தினமும் படித்தால் மனதில் ஏறிவிடும்.

அண்ணனுக்கு அப்போது கல்யாணமாகி திவ்யா பிறந்திருந்தாள். ஒரு நாள் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டான். யாருக்கோ பதில் சொன்னான். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் தங்களிடம்தான் பேசுகிறான் என்று நினைத்தார்கள். பிறகு இல்லை என்று தெரிந்தது. சில வாரங்களில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான், குளிப்பதை நிறுத்தினான். அண்ணி கௌரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறையில் வந்து படுத்துக்கொள்வார்.

இது இன்ன நோய் என்று அப்பாவிடம் சொன்னேன். தினமும் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

"நீ கம்பெனியில படிக்கிறதையெல்லாம் இங்க கொண்டாராத. அவனுக்கு யாரோ வெச்சிட்டாங்க" என்றார் அப்பா.

கோயிலில் தங்க வைத்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். கூனிமேட்டில் பாய் ஒருவர் தண்ணீர் ஓதித் தருவார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் கூட்டிப் போனார்கள். அந்தப் பாய் அண்ணனை உட்கார வைத்து நிறைய நேரம் பேசினார். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "துவா செஞ்சிருக்கேன். அது எங்கயும் போவாது. நீங்க பாண்டி ஆஸ்பத்திரியில கொண்டுபோயி காட்டுங்க. லேட் பண்ணாதீங்க" என்றார். நான் சொல்லிக் கேட்காத அப்பா, அவர் சொல்லிக் கேட்டார். அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில் அண்ணனும் அப்பாவும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர்கள் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எனக்கு லீவு இல்லை.

மாத்திரை வேலை செய்தது. பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சாஃப்ட்வேர், நெதர்லாந்து. பாண்டியில் செய்த வேலை தெரிந்ததால் இங்கே இந்த இதழில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வாழ்க்கையில் நடந்ததெல்லாம் ஒன்றின் பின்னால் ஒன்றாக, வரிசையில் நிற்கிற மாதிரிதான் நடந்தது. நான் எதற்கும் முண்டியடிக்கவில்லை.

3

சனிக்கிழமை காலையில் அண்ணனோடு பேசுவேன். அவனுக்கு அது மத்தியானம். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சாப்டியா, மழையா, மாத்திரை போட்டியா. ஒரு சனிக்கிழமை, இத்தனை வருடம் கேட்காததை அவன் கேட்டான்.

"அங்க நீ என்னாதான் வேலை செய்யிறே பாப்பா?"

சொன்னேன்.

"என்னை மாதிரி ஆளுங்களைப் பத்தியா அந்த புக்கு?"

"ஆமாண்ணா."

"யாரு எழுதறாங்க?"

"டாக்டருங்க."

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர்கள் மட்டுமில்லை, நோயோடு இருப்பவர்களே எழுதும் பகுதி ஒன்றும் இருக்கிறது, இதழுக்கு ஒரு கட்டுரை அப்படி வரும் என்றேன். படித்துக் காட்டச் சொன்னான். அந்த இதழில் வந்திருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வேறு ஏதோ நாட்டில் பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு ஆள் எழுதியது.

"இன்னொரு தபா படி" என்றான் அண்ணன். படித்தேன்.

"அவனையும் அந்தச் சத்தம் பேர் சொல்லித்தான் கூப்புடுதா" என்றான். "அவன் பேரு என்னா?"

"பேரு போடலண்ணா. போட வேணாம்னு இருந்தா போட மாட்டாங்க."

"நானும் சொல்றேன். எழுதிக்க. என் பேரைப் போடு."

அன்று ஆரம்பித்தது. சில சனிக்கிழமைகள் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். சில நாள் ஒரு வரிகூட வராது. "இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று வைத்துவிடுவான். வந்த நாட்களில் இப்படி வந்தது:

"மொதல்ல ஒருத்தன்தான். நான் என்னா செய்யிறனோ அதைச் சொல்லுவான். ஏழுமலை பலகையை எடுக்குறான். ஏழுமலை வரப்புல ஏர்றான். ஏழுமலை தண்ணி குடிக்கிறான். திட்டல ஒண்ணும் பண்ணல. ரேடியோவுல கிரிக்கெட் சொல்றாங்க இல்ல, அது மாதிரி. அப்பறம் ரெண்டு பேரு ஆயிட்டாங்க. ஒருத்தன் என்னைப் பத்திக் கேப்பான், இன்னொருத்தன் பதில் சொல்லுவான். நான் அங்கதான் நிக்கிறேன். என்னை யாரும் கேக்கல."

"மாத்திரை போட்டப்பறம் சத்தம் போச்சு. வீட்ல எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. எனக்கு ஊருக்கே கரெண்ட் போன மாதிரி இருந்துச்சு. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. அப்பா செத்தப்ப அழுவணும்னு தெரிஞ்சுது. அழுவ வரல. எல்லாரும் பாக்குறாங்களேன்னு துண்டால கண்ணைத் தொடைச்சிக்கிட்டேன். கண்ணு காஞ்சிதான் இருந்துது."

"கை நடுங்குது. பலகை புடிக்க முடியல. வெயில் ஒத்துக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உப்பு வேலைக்காரனுக்கு வெயில் ஒத்துக்கலன்னா அவன் என்னா செய்வான்? மொதலாளி பாவம் பாத்து வாட்ச்மேனா உக்கார வெச்சாரு. அம்பாரமா உப்பு கெடக்குது, நான் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அது என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது."

இங்கே சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டே பல காலம் ஆகியிருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்ததால் சேர்ந்து சிரிக்க விட்டுப்போயிற்று.

அப்பா இறந்தபோது நான் வரவில்லை. குடியிருப்பு அனுமதி புதுப்பிப்புக்குக் கொடுத்திருந்தேன், கையில் பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப வருவது சிக்கல் என்றார்கள். வீடியோவில் பார்த்தேன். அண்ணன் துண்டால் கண் துடைப்பதைப் பார்த்து, இவனாவது அழுகிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

4

அலுவலகத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். என் வீட்டு ஆள் எழுதும் கட்டுரையை நானே கையாளக் கூடாது. என் பக்கத்து மேசைக்காரியின் பெயர் மரைக்கா. கூனிமேட்டில் மரைக்காயர் வீடுகளைப் பார்த்து வளர்ந்ததால், இந்த நாட்டில் எனக்கு முதலில் பழகிய பெயர் அதுதான். அவளிடம் போய், "ஒரு கட்டுரை வரப் போகிறது. எழுதுகிறவர் என் அண்ணன். மொழிபெயர்ப்பது நான். நீ பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

மரைக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமாக, மத்தியானச் சாப்பாட்டில் ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டே, இந்த நோயைப் பற்றி வரும் கட்டுரைகளை நாங்கள் பேசியிருக்கிறோம்.

"சரி" என்றாள். பிறகு, "காபி வேண்டுமா?" என்றாள். கேள்வி கேட்காததற்கு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

கட்டுரையோடு ஒரு சான்று வேண்டும். எழுதியவர் யோசித்துச் சம்மதம் கொடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று அவருடைய டாக்டர் எழுதித் தர வேண்டும். நல்ல விதிதான். இதை நானே பலரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அண்ணனிடம் சொன்னபோது, "டாக்டருங்க எழுதினா, அவங்க நல்லா இருக்காங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுக்கணுமா?" என்றான். இல்லை என்றேன். "சரி, வாங்கித் தர்றேன்" என்றான். டாக்டரம்மா மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பது எளிதாக இல்லை. 'அழுவணும்னு தெரிஞ்சுது' என்பதை எப்படி எழுதினாலும் இங்கிலீஷில் அது ஒரு கருத்து மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் சொன்னபோது அது கருத்து இல்லை, தாகம் எடுக்கிறது என்கிற மாதிரி ஒரு தகவல்.

ஒரு நாள் நான் மேசையில் இதோடு உட்கார்ந்திருந்தபோது என் மகள் இனியா பின்னால் நின்று படித்தாள். பதின்மூன்று வயது. வீட்டில் தமிழ் பேசுகிறாள். ஆனால் அந்தத் தமிழில் மரியாதையும் மரியாதைக்குறைவும் கலந்துபோய்விட்டன. அண்ணனிடம் வீடியோவில், "மாமா, நீ சாப்ட்டீங்களா?" என்பாள். அண்ணனுக்கு அது பிடிக்கும்.

"இது மாமாவா?" என்றாள்.

"ஆமா."

"மாமா வெர்வார்ட்டா?"

"அப்படி இருந்தாரு. இப்ப மருந்து சாப்புடறாரு" என்றேன். தலையாட்டிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வகுப்பு ஆசிரியர் போன் செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். இனியா தன் மாமாவைப் பற்றிப் பேசினாளாம். பெயர், ஊர், உப்பு, மாத்திரை, எல்லாம் சொல்லி, போட்டோவும் காட்டினாளாம். மிக நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டார். நன்றி சொல்லி வைத்தேன். அவளைக் கூப்பிட்டு, ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று அன்று தெரிந்தது. அது வருத்தமான தூரமா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

படித்துப் பார்த்த இரண்டு பேரின் கருத்துகளை மரைக்கா அனுப்பினாள். ஒருவர், கட்டுரை ஆசிரியர் தன் உணர்ச்சிகளைப் போதிய அளவு சொல்லவில்லை, மீண்டு வந்ததைப் பற்றி நம்பிக்கை தரும்படி ஒரு முடிவுரை சேர்க்கலாம் என்றார். இன்னொருவர், கட்டுரை ஆசிரியர் உப்பள வாழ்க்கையை விவரித்தால் வாசகருக்குச் சுவையாக இருக்கும் என்றார். சனிக்கிழமை அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"யாரு இவங்க?"

"தெரியாதுண்ணா. சொல்ல மாட்டாங்க. அதுதான் முறை."

"ஆளு யாருன்னு தெரியாது. என்கிட்ட பேச மாட்டாங்க. ஏழுமலை இதைச் செய்யல, ஏழுமலை அதைச் செய்யலாம்னு அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க" என்றான். "எனக்கு இது பழக்கந்தான் பாப்பா."

இரண்டாவது முறையாக அவன் சிரித்தான். இந்த முறை நானும் சிரித்தேன். பிறகு முடிவுரை பற்றிக் கேட்டேன்.

"இல்லாததை எப்பிடிச் சொல்றது? இன்னும் வரலன்னு எழுது."

அப்படியே எழுதினேன். உப்பளத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தான். மரைக்கா ஆசிரியர் குழுவிடம் பேசினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

5

அடுத்தது பெயர். எங்கள் வீடுகளில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்தார்கள். இங்கே நான் அப்பா பெயரால்தான் அழைக்கப்படுகிறேன். மருத்துவமனையில், நகராட்சி அலுவலகத்தில், "திருமதி கோவிந்தன்" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். கட்டுரையில் அண்ணன் பெயர் ஏழுமலை கோவிந்தன். கீழே மொழிபெயர்ப்பு, தனலட்சுமி கோவிந்தன். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று தெரிந்துவிடும். என்னைத் தெரிந்தவர்களுக்கும் தெரியும். யோசித்துப் பார்த்தேன். தெரியட்டும் என்றுதான் தோன்றியது. தைரியம் ஒன்றும் இல்லை. களைப்பு.

அந்தச் சமயத்தில் அண்ணி கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"தனா, நீ அவரு பேரைப் போட்டு என்னமோ எழுதறியாமே?"

"அவருதான் எழுதறாரு அண்ணி. நான் இங்கிலீசுல மாத்திக் குடுக்குறேன்."

"திவ்யாவுக்கு ஒரு எடம் வந்திருக்குது. பொம்மையார்பாளையம். பையன் பாண்டியில வேலை. பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப எல்லாம் பேரைப் போட்டா நெட்டுல வந்துடுதாம். அதை நிறுத்திடும்மா."

"அவங்களுக்குத் தெரியாதா அண்ணி? ஊர்ல யாருக்குத் தெரியாது?"

"வாயால சொல்றது வேற, எழுத்துல இருக்குறது வேற" என்றார் அண்ணி. "வாய்ல சொன்னதை இல்லன்னு சொல்லலாம். எழுத்துல இருக்குறதை என்னா சொல்லுவே?"

இத்தனை வருடம் அவனோடு இருந்து குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, கூலிக்கும் போய்ப் பெண்ணைப் படிக்க வைத்தது அவர். நான் சனிக்கிழமைகளில் போன் செய்தவள்.

அண்ணனிடம் சொன்னேன். "அப்ப போட வேணாம்" என்றான். "பேரு இல்லன்னா எழுத்தும் வேணாம். யாரோ சொன்ன மாதிரி இருக்கும். யாரோ சொல்றதைக் கேட்டுத்தான் நான் இப்பிடி ஆனேன்."

மரைக்காவிடம் கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். எதுவரை என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் ஒரு கட்டத்தைச் சொடுக்கினாள், கட்டுரைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறம் வந்தது. எனக்குத் தெரிந்த நிறம் அது. அப்படி நிற்கும் கட்டுரைகள் பல, எழுதியவர்களே மறந்து போய்க் கிடக்கும்.

பொம்மையார்பாளையத்தில் இருந்து பதில் வர ஒரு மாதம் போனது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜாதகம் பார்த்து, பொருத்தம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவர்கள் பெண் பார்க்கவே வந்தார்கள். மரக்காணம் கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. உப்பள வாட்ச்மேன் ஏழுமலையா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு போதும்.

திவ்யா பாண்டியில் ஒரு மருந்துக் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவள் குரலைக் கேட்டதும் எனக்கே வேண்டாததாகத் தெரிந்தது.

"எனக்கு அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் இல்லீங்க அத்தை. ரெண்டு தடவை போன்ல பேசுனேன், அவ்ளோதான். ஆனா அப்பா அன்னிக்கு சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உக்காந்திருந்தாரு. அவங்க வந்து போற வரைக்கும் கையை மடியில வெச்சு ஒரு கையால இன்னொரு கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாரு. நடுங்குறது தெரியக் கூடாதுன்னு. அதை நெனச்சாதான்..." என்று நிறுத்தினாள்.

பிறகு, "பேரைப் போடுங்க அத்தை. மறைச்சு என்னா ஆச்சு?" என்றாள்.

"உங்க அம்மா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

என்ன பேசினாள் என்று தெரியாது. அடுத்த சனிக்கிழமை போனை எடுத்தது அண்ணி. "போட்டுக்க" என்றார். அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல வாரம் என்னோடு அண்ணி பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

6

கட்டுரை வெளிவந்தது. ஏழுமலையின் ழகரத்தை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு, ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரியே போடச் சொன்னான். அப்படியே போட்டார்கள். இதழ் இப்போது அச்சில் வருவதில்லை. பக்கத்தை போனுக்கு அனுப்பினேன். திவ்யா பெரிதாக்கிக் காட்டினாளாம். தன் பெயரைப் பார்த்தானாம். பிறகு டீ குடிக்கப் போய்விட்டானாம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் யாரும் படிக்கவில்லை. அடுத்துப் பெண் கேட்டு வந்தவர்களும் நெட்டில் தேடியதாகத் தெரியவில்லை. அந்த இடம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு பேர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நான் அன்று ஏழெட்டு 'வருந்துகிறோம்' அனுப்பினேன். அண்ணன் மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்டான்.

"யாராச்சும் படிச்சாங்களா?"

"படிச்சிருப்பாங்கண்ணா."

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலண்ணா."

இந்த மாதத் தொடக்கத்தில் மரைக்கா ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பினாள். கட்டுரை ஆசிரியருக்கு என்று இதழின் முகவரிக்கு வந்தது. நியூசிலாந்தில் இருந்து ஒரு அம்மாள். அவருடைய மகனுக்கு இதே நோய். ஒரு விடுதியில் இருக்கிறான். வாரா வாரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். அவன் பேச மாட்டான், முகம் திருப்ப மாட்டான். "திரு. ஏழுமலை அவர்களே, அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் அவனிடம் என்ன பேச வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை படித்துக் காட்டினேன். முதலில், "எனக்கா எழுதியிருக்காங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பேரைச் சொல்லிப் படி என்றான். திரும்பவும் படித்தேன். அந்தப் பக்கம் காகம் கத்துவதும் லாரி போவதும் கேட்டன. அவன் வேலைக்கு உட்காரும் இடத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் பேச வேணாம்னு எழுது. வந்து உக்காந்தா போதும்" என்றான். "ஆனா எழுந்து போவும்போது சொல்லிட்டுப் போவணும். சொல்லாம போயிட்டா, வந்தாங்களா, நானா நெனச்சிக்கிட்டனான்னு தெரியாது. சொல்லிட்டுப் போனா வந்தது நெசம்னு ஆயிடும்."

எழுதிக்கொண்டேன்.

"போறேன்னு சொல்லணும். போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது."

"நம்மூர்ல போறேன்னு சொல்ல மாட்டாங்களேண்ணா."

"அதான் சொல்றேன். போயிட்டு வரேன்னு சொன்னா இங்க ஒருத்தன் உக்காந்துக்கிட்டே இருக்கணும். எப்ப வருவாங்கன்னு. வர்ற நாள் தெரிஞ்சா நாளைச் சொல்லட்டும். தெரியலன்னா போறேன்னு சொல்லட்டும். அது ஒண்ணும் தப்பில்ல. புரியும்."

அந்த அம்மாளுக்கு இதை எழுத அரை நாள் பிடித்தது. நம் மொழியில் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், அப்படிச் சொல்லாமல் போவது அபசகுனம் என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கிவிட்டு, என் அண்ணன் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறான் என்று எழுதினேன். மரைக்கா படித்துவிட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.

போன சனிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டேன். பதில் அனுப்பியாயிற்று என்று சொன்னேன். சரி என்றான். மாத்திரை போட்டானா என்று கேட்டேன், போட்டேன் என்றான். இனியா வந்து, "மாமா, நீ நல்லா இருக்கீங்களா?" என்றுவிட்டுப் பள்ளித் தோழியைப் பார்க்கப் போய்விட்டாள்.

"பொங்கலுக்கு வர்றியா பாப்பா?" என்றான்.

ஒவ்வொரு வருடமும் கேட்பான். பார்க்கிறேன் அண்ணா, லீவு கிடைக்குதான்னு பார்க்கிறேன் என்று ஒவ்வொரு வருடமும் நான் சொல்வேன்.

"இந்த வருசம் வரலண்ணா" என்றேன்.

"சரி" என்றான். குரலில் ஒன்றும் மாறவில்லை. "கௌரி சோறு எடுத்துக்கிட்டு வர்றா. நான் சாப்புடப் போறேன்."

அவனே போனை வைத்தான்.